தையற்பொறியும் தவணைப் பணமும்

1924ஆம் ஆண்டு டில்லியிற் காந்தியடிகளைச் சந்தித்த ராமச்சந்திரன் என்னும் சாந்திநிகேதன மாணவர், இயந்திரங்கள் யாவற்றையுமே அவர் எதிர்க்கின்றாரா என்று வினவினார். யாவற்றையும் அல்ல என்று விடையிறுத்த காந்தியடிகள், விதிவிலக்காக எடுத்துக்காட்டிய பொருள் சிங்கர் தையற்பொறி. தன் மனைவி கையூசியுடன் ஓயாது வருந்தியதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினாலேயே அப்பொறியைப் படைத்தார் என்பது காந்தியடிகளின் கருத்து. மாணவரும் எளிதில் விட்டாரல்லர். அப்பொறிகளைச் செய்வதற்கு ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டுந்தான், ஆயினும் அத்தகைய தொழிற்சாலைகள் நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்று கூறுமளவிற்குத் தாம் ஒரு சோசலிசவாதியே என்றார் காந்தியடிகள். அவ்வாண்டு நவம்பர் மாதத்து 'யங் இந்தியா'வில் இவ்வுரையாடல் வெளியாயிற்று.

இவ்வுரையாடலை எனக்கு நினைவூட்டியவள் எமது பாடசாலை மாணவி ஒருத்தி. உயர்தர வகுப்பில் வணிகம் பயிலும் அவள், வெளிநாடுகளிற் பரவும் தொழில்நுட்பக் கம்பனிகளின் புத்தாக்கத்திற்கு உந்துசக்தி யாது என்னும் வினாவிற்குத் தான் எழுதிய விடையின் தமிழைத் திருத்தித் தருமாறு கேட்டாள். முயற்சியாளரின் தொலைநோக்கு, ஆராய்ச்சி, வாடிக்கையாளர் திருப்தி என்று விடை நீண்டு சென்றது. ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். விடையிற் பிழை உண்டா என்பது தமிழாசிரியன் கேட்க வேண்டிய கேள்வி அன்று; எனினும் அது என்னை விட்டகலவில்லை. உலகின் பல நாடுகளிலும் ஆலையும் கடையும் முகவரும் கொண்டு முதன்முதலாகப் பரவிய தொழில்நுட்பக் கம்பனிகளுள் தலையாயது சிங்கர் கம்பனியே. இலங்கைக்கு அது 1877இலேயே வந்துவிட்டது. ஆகவே அதன் வரலாற்றைக் கொண்டே மாணவியின் விடையையும் காந்தியடிகளின் விடையையும் உரைத்துப் பார்க்கலாம்.

தையற்பொறியைச் சிங்கர் ஒருவரே கண்டுபிடித்தார் என்பது முதலிற் களையப்பட வேண்டிய கதை. பிரான்ஸிலே திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830இல் ஒரு பொறிக்கு ஆக்கவுரிமை பெற்று, பாரிஸில் ஏறத்தாழ எண்பது பொறிகளை நிறுவி இராணுவ உடைகளைத் தைப்பித்தார். பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர் 1831இல் அவற்றை அடித்து நொறுக்கினர். நியூயோர்க்கில் வோல்ட்டர் ஹண்ட் என்பார் 1830களின் முற்பகுதியிலே, கூர்முனையிற் கண் கொண்ட ஊசியையும் நெசவாளரின் நாடா போன்று கீழே ஓடும் இரண்டாம் நூலையும் இணைத்து ஒரு பொறி செய்தார். ஆனால் அதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை. 1846இல் எலியாஸ் ஹௌ அதே தத்துவத்திற்கு ஆக்கவுரிமை பெற்றார்; தாய்நாட்டில் வாங்குவோர் இல்லாமையால் இங்கிலாந்திற்குச் சென்றும் வறுமையோடேயே திரும்பினார். ஐசாக் சிங்கரோ ஊர் ஊராய் நாடகம் ஆடித் திரிந்த நடிகர். இடையிடையே கல் துளைக்கும் கருவி, எழுத்துச் செதுக்கும் கருவி என்பவற்றையும் ஆக்கியவர். 1850இற் பொஸ்டனிலே ஒரு பட்டறையிற் பழுது பார்ப்பதற்காக வந்திருந்த வேறொருவரின் தையற்பொறியைக் கண்டு, அதனைச் சீர்திருத்தி, 1851 ஓகஸ்டில் ஆக்கவுரிமை பெற்றார். மனைவி மீது கொண்ட அன்பைப் பொறுத்தவரை, அவர் ஒரே காலத்திற் பல பெண்களுடன் தனித்தனிக் குடும்பங்கள் நடத்தி, அது அம்பலமானபோது 1860இல் ஐரோப்பாவிற்கு ஓட நேர்ந்தவர் என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்வோம். காந்தியடிகளுக்கு இக்கதையை யார் சொன்னாரோ!

ஆயின் அன்பு அன்றேற் போட்டியா? அதுவும் முழு உண்மையன்று. ஹௌ வழக்குத் தொடுத்தார். 1854இற் சிங்கர் 15,000 டொலர் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. ஒருவர் ஆக்கவுரிமையை மற்றவர் மீறாது எவரும் ஒரு முழுப்பொறியைச் செய்ய முடியாத நிலை. 1856இல் ஹௌவும், சிங்கர் உட்பட மூன்று பெருங் கம்பனிகளும் தம் உரிமைகளையெல்லாம் ஒரு கூட்டிற் சேர்த்துக்கொண்டன. ஏனையோர் ஒவ்வொரு பொறிக்கும் இக்கூட்டிற்கு வரி கட்டினர். இறுதி உரிமை காலாவதியான 1877 வரை இவ்வேற்பாடு நீடித்தது. போட்டியே புதுமையின் தாய் என்று பாடநூல்கள் கூறும். இத்தொழிலோ வளர்ந்த பருவத்திற் போட்டியைப் பங்குபோட்டுக்கொண்டு வளர்ந்தது.

அவ்வாறாயின் சிங்கர் கம்பனியின் பெருக்கத்திற்குக் காரணமான உண்மையான புதுமை யாது? அது இரும்பிலே செய்யப்பட்டதன்று. கம்பனியின் பங்காளி எட்வேர்ட் கிளார்க் என்னும் சட்டத்தரணியின் மேசையிலே பிறந்தது அது. 1850களில் ஒரு பொறியின் விலை ஏறத்தாழ 125 டொலர். சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ 500 டொலர் அளவில் இருந்தது. வேண்டியவளிடம் பணம் இல்லை. பணம் உள்ளவள் தானே தைப்பதில்லை. ஆதலாற் கிளார்க் 1856இல் வாடகைக் கொள்வனவு முறையைப் புகுத்தினார். ஐந்து டொலர் கொடுத்துப் பொறியை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். மீதியை மாதந்தோறும் கட்ட வேண்டும். இறுதித் தவணை கட்டும்வரை பொறி கம்பனிக்கே சொந்தம். 1853இல் 810 பொறிகள் விற்ற கம்பனி, 1880இல் ஆண்டொன்றிற்கு ஐந்து இலட்சத்திற்கு மேல் விற்றது.

இதே காலத்தில் அதன் தொழிற்சாலையில் நடந்ததை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அமெரிக்கத் தொழில் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் ஹவுன்ஷெல், 1984இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். போட்டிக் கம்பனிகள் துப்பாக்கித் தொழிற்சாலைகளின் முறையைப் பின்பற்றி, ஒன்றிற்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளைச் செய்யத் தலைப்பட்டிருக்க, சிங்கர் கம்பனியின் தொழிலாளர் நீண்ட காலம் அரத்தைக் கையிற் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தேய்த்துத் தேய்த்தே பொருத்தினர். உற்பத்தி முறையிற் பின்தங்கிய கம்பனியே விற்பனையில் முதலிடம் பெற்றது.

வெளிநாட்டுப் பயணமும் தொலைநோக்கினால் தொடங்கியதன்று. 1855இற் பிரெஞ்சு ஆக்கவுரிமையைக் கலெபோ என்னும் பாரிஸ் வணிகருக்கு விற்றார்கள். அவர் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் பேணாது, போட்டியாளரின் பொறிகளையும் சேர்த்து வியாபாரம் செய்தார். அந்தக் கசப்பிற் பிறந்ததே, அந்நிய நாடுகளில் உரிமையை விற்காது சொந்த முகவரையே வைத்தல் என்னும் கொள்கை. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. 1862 முதல் அமெரிக்க அரசு அச்சிட்ட காகித டொலரின் மதிப்பு வீழ்ந்தது. வீழ்ந்த காகிதத்தாற் கூலி கொடுத்துச் செய்த பொறியை லண்டனிலும் ஹம்பேர்க்கிலும் பொன்னுக்கு நிகரான பணத்திற்கு விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. யுத்தம் முடிந்து டொலர் மீளத் தொடங்கியதும் அந்த இலாபம் குறைந்தது. அமெரிக்கக் கூலியோ உயர்ந்தே இருந்தது. உடனே கம்பனியின் பார்வை கூலி மலிந்த, இரும்பும் துறைமுகமும் அருகருகே அமைந்த ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர்மீது விழுந்தது. 1867இல் அங்கே முதலாவது வெளிநாட்டுப் பட்டறை அமைந்தது. கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. ஆடைத் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிய பொறி தையற்பொறியே என்று அந்நூலிற் கூறும் மார்க்ஸ், அது எந்தப் பெண்களின் உழைப்பை விழுங்கியது என்பதையும் உடன் எழுதுகின்றார்.

1882இற் கிளாஸ்கோவிற்கு அண்மையிற் கில்போவி என்னுமிடத்தில், 46 ஏக்கர் நிலத்தில், ஒரு பெருந் தொழிற்சாலை கட்டத் தொடங்கி 1885இல் திறந்தார்கள். வானளாவிய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று அதன் நடுவே நின்றது. கிளைட்பேங்க் என்னும் நகர் வளர்ந்ததே அதனாலும் அருகிலிருந்த கப்பற்பட்டறைகளாலுந்தான். நூற்றுக்கணக்கான துறைமுகங்களுக்குப் பொறிகள் செல்லத் தொடங்கிய இக்கட்டத்திலேதான், அரத்தினாற் பொருத்தும் பழைய முறை கம்பனிக்குச் சுமையாயிற்று. ரங்கூனில் உடைந்த ஓர் உறுப்பிற்குப் பதிலாகக் கிளாஸ்கோவிலிருந்து அனுப்பிய உறுப்பைத் தேய்த்துப் பொருத்த அங்கே கம்மியன் இல்லை. ஒரே அளவு, ஒரே அச்சு என்ற கண்டிப்பை ஆலைக்குள் கொண்டுவந்தது பொறியியலாளரின் அறிவார்வம் மட்டுமன்று. கடல் கடந்த வாடிக்கையாளரின் உடைந்த பொறியும் அதற்குக் காரணம். பொறி நின்றால் தவணையும் நின்றுவிடும் அல்லவா?

ஒவ்வொரு நாடும் இவ்வாறு ஒரு தடையை முன்வைத்தது. ஒவ்வொரு தடையும் ஒரு மாற்றத்தைப் பிறப்பித்தது. இங்கிலாந்திலே தொழிலாளர்க்கு வாரக் கூலி. எனவே தவணையும் வாரத் தவணையாயிற்று. வாரம் இரண்டரைச் சிலின் என்று விளம்பரம் செய்தார்கள். வீடு வீடாகச் சென்று விற்போரும், வாரந்தோறும் வந்து வசூலிப்போருமாக ஒரு படையே திரட்டப்பட்டது. ருஷ்யாவில் இறக்குமதித் தீர்வை உயர்ந்தது. ஆகவே மொஸ்கோவிற்கு அண்மையிலுள்ள பொடோல்ஸ்கில் தொழிற்சாலை எழுந்து 1902இல் உற்பத்தி தொடங்கியது. ருஷ்ய எழுத்திற் பெயர் பொறித்த பொறிகள் சைபீரியா வரை சென்றன. புரட்சிக்குப் பின் அவ்வாலை நாட்டுடைமையாகி வேறு பெயரில் அதே பொறிகளைச் செய்தது என்பது, காந்தியடிகளின் விடையின் இரண்டாம் பாதியை எண்ணும்போது சுவையான செய்தி.

இந்தியாவும் பர்மாவும் இலங்கையும் பம்பாயிலிருந்த பட்டேல் என்னும் பார்சி முகவரின் பொறுப்பில் இருந்தன. அமெரிக்காவிற் செய்தவாறு இல்லத்தரசியை நாடிச் செல்ல அவரால் இயலவில்லை. வேட்டிக்கும் சேலைக்கும் தையல் எதற்கு? குளிருக்குக் கோட்டுத் தைக்க வேண்டிய நாடுகளுமல்ல இவை. ஆகவே இங்கே பொறியை வாங்கியவர் பெரும்பாலும் கடைத் திண்ணையிலிருந்த ஆண் தையற்காரரே. நாற்காலியும் மேசையும் வேண்டாத, நிலத்தில் அமர்ந்து கையாற் சுழற்றத்தக்க, விலை குறைந்த கைப்பொறி எமது நாடுகளில் நிலைத்தமைக்குக் காரணம் இவர்களின் இருக்கை முறையும் மடிக்காசும். சட்டையும் இரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் பரவிய பிறகே பொறி வீட்டினுள் புகுந்தது. காலப்போக்கிற் சீதனப் பட்டியலிலும் இடம்பெற்றது. 1893இற் சிக்காகோ உலகக் கண்காட்சியிற் கம்பனி வழங்கிய வண்ண அட்டைகளிற் பல நாட்டு மக்கள் தத்தம் உடையிற் பொறியுடன் காட்சியளித்தனர். இலங்கைக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையிலே எல்லோரும் அமைதியாக இருக்கின்றனர். வசூலிக்க வந்தவர் படத்தில் இல்லை.

தடைகளை எதிர்கொண்டு மாறிய கம்பனி, தன் தொழிலாளர் முன்வைத்த தடையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் மிக முக்கியமான அத்தியாயம் என்பது என் கருத்து. 'விஞ்ஞான முகாமை' என்ற பெயரில் வேலையைக் கூறுகூறாக்கி, வேகத்தைக் கூட்டி, கூலியைக் குறைக்கும் முறை கில்போவியிற் புகுந்தது. 1911 மார்ச் 21ஆம் திகதி, பெட்டிகளுக்கு மெருகிடும் பகுதியில், பதினைந்து பெண்கள் செய்த வேலையைப் பன்னிருவரே செய்யுமாறு பணிக்கப்பட்டது. பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். இரண்டு நாளில், ஏறத்தாழ 11,500 பேர் கொண்ட ஆலையில் அநேகமாக எல்லோருமே வெளியேறிவிட்டனர். கம்பனி தொழிலாளரின் சங்கத்துடன் பேசவில்லை. மாறாக ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிற்கும் தபால் அட்டை அனுப்பி, வேலைக்குத் திரும்ப விருப்பமா என்று தனித்தனியே கேட்டது. கூட்டமாக நின்றவரைத் தனித்தனி மனிதராக்கும் இவ்வுத்தியும் ஒரு புதுமைதான்! பெரும்பான்மையோர் விருப்பம் தெரிவித்தனர் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 10ஆம் திகதி வேலைநிறுத்தம் முடிந்தது. முன்னின்ற ஏறத்தாழ 400 பேர் பின்னர் வேலையிழந்தனர். ஜேன் ரே என்னும் பெண் அவர்களுள் ஒருவர். அங்கே பணிபுரிந்த ஆர்தர் மக்மானஸ் 1920இற் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதற் தலைவரானார். அவ்வாலை 1913இற் பதின்மூன்று இலட்சம் பொறிகளைச் செய்தது. முன்னெப்போதும் காணாத தொகை அது.

ஜப்பானிலும் இதுவே நிகழ்ந்தது. ஆனால் முடிவு வேறு. வசூலிற் குறையும் பணத்திற்குத் தம்மையும் தமக்குப் பிணை நின்றோரையும் பொறுப்பாக்கும் ஏற்பாடுகளால் நொந்திருந்த ஜப்பானிய விற்பனையாளர் 1932இல் வேலைநிறுத்தம் செய்தனர். 1933 ஜனவரியில் யோக்கஹாமா அலுவலகம் தாக்கப்பட்டது. உலகெங்கும் ஒரே முறை என்று சொல்லிக் கம்பனி சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை, வென்றது. ஆனால் அத்தொழிலைக் கற்ற விற்பனையாளருட் சிலர் உள்நாட்டுக் கம்பனிகளுக்குச் சென்றனர். அக்கம்பனிகள் தவணை முறையைத் தலைகீழாக்கி, வாடிக்கையாளர் மாதந்தோறும் முன்கூட்டியே சேமித்துப் பின்னர் பொறியைப் பெறும் ஏற்பாட்டைப் புகுத்தின. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், சிங்கரின் பழைய வடிவமொன்றையே பொது அளவாக ஏற்றுப் பல சிறு பட்டறைகள் கூடி உறுப்புகளைச் செய்ய, ஜப்பானியப் பொறிகள் அமெரிக்கச் சந்தையையே நிரப்பின. கில்போவியின் மணிக்கூட்டுக் கோபுரம் 1963இல் இடிக்கப்பட்டது. 1980இல் ஆலையும் மூடப்பட்டது. சிங்கர் என்னும் பெயருடன் ஒரு புகையிரத நிலையம் மட்டும் அங்கே இருக்கின்றது. இலங்கையிலும் அப்பெயர் நிலைத்தது. 2017இல் இங்குள்ள கம்பனியின் பெரும் பங்கு உள்நாட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறிற்று.

மாணவிக்கு இவற்றையெல்லாம் கூறினேன். வாங்க இயலாதவளின் வெறும் மடி, கூலி குறைந்த ஊர், வீழ்ந்த நாணயம், உயர்ந்த தீர்வை, உடைந்த உறுப்பு, பணிய மறுத்த தொழிலாளி ஆகியனவே அக்கம்பனியைப் புதுமை செய்யத் தள்ளின என்றும், இலாபம் அத்தள்ளலை ஏற்ற வழியில் மட்டும் அது நகர்ந்தது என்றும், தள்ளுவோர் யாரும் எதிரில் இல்லை என்று எண்ணிய நாளில் அது நின்றுவிட்டது என்றும் சொன்னேன். இதை எழுதினாற் புள்ளி கிடைக்குமா, சேர் என்று கேட்டாள். கிடைக்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று. விடைத்தாளுக்கு உன் விடையையே எழுது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கிழமைதோறும் தன் வீட்டுப் படலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, புத்தகத்தில் கையொப்பமிட்டுப் பணம் பெற்றுச் செல்வதாகவும், அவர் வரும் நாளில் அம்மா சமைப்பதில்லை என்றும் மெல்லச் சொன்னாள். யுத்தத்தின் பின் எமது கிராமங்களிற் பரவிய நுண்கடனைப் பற்றித்தான் கூறினாள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களது இத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டதை வாசகர் அறிவர். அவளுடைய அக்கா கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிற் பொறி ஓட்டுகின்றாள். அப்பொறி ஜப்பானியப் பொறி.

எமது வீட்டில் அம்மம்மாவின் கைப்பொறி இன்னும் இருக்கின்றது. அதன் இலக்கம் ஆங்கில 'வை' எழுத்தில் தொடங்குகின்றது. கிளைட்பேங்கில் இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஊசிப் பட்டையிலிருந்த பொன்னிறப் பூவேலை அழிந்துவிட்டது. கைபிடி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கின்றது. மரப்பெட்டியின் மெருகு மாத்திரம் இன்றும் மங்காதிருக்கின்றது. பெட்டிக்கு மெருகிடும் பகுதியிலேதான் 1911இல் அந்தப் பன்னிரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள்.